சத்தம் போடாத பள்ளிக்கூடம்

1933 சனவரி: மலாயாவில், ஜொகூரின் சிகாமட்டை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியைப் பார்வையிட்டேன். பிள்ளைகள் முதற் பாடப் புத்தகத்தை ஒரே குரலில் ஒப்பித்தனர். தனியே வாசிக்கச் சொன்னபோது ஒருவராலும் இயலவில்லை.

பிப்ரவரி முதல்: என் மனைவி வெள்ளிக்கிழமைகளில் அப்பள்ளிக்குச் சென்றுவந்தாள்.

செப்டெம்பர்: அவள் காய்ச்சலில் இறந்தாள்.

நவம்பர்: அப்பள்ளியை மறுபடி பார்வையிட்டேன்.

தமிழ்ப் பள்ளிகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுதுவது அக்காலத்தில் என் உத்தியோகம். என் அறிக்கையால் திருந்திய பள்ளி ஒன்றேனும் நினைவுக்கு வரவில்லை. சனவரியில் என் மனைவியும் உடன் வந்திருந்தாள். யாழ்ப்பாணத்தில் ஆசிரியப் பயிற்சி பெற்றவள். மணமான பின் வகுப்பறை வாய்க்காதவள். திரும்பும் வழியில் மாட்டுவண்டியில் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளையள் காதால கேட்டு வாயால சொல்லுதுகள். கண்ணுக்கு வேலையே இல்லை."

"அறிக்கையில் எழுதுகிறேன்."

"எழுதுங்கோ, எழுதுங்கோ. அதை வாசிக்கிறதுக்கும் ஆருக்காவது படிப்பிக்க வேணும்."

ஜொகூரில் அலுவலகங்களுக்கு வெள்ளி விடுமுறை, தோட்டத்திற்கு இல்லை. ஆகவே வெள்ளிதோறும் நான் அவளை வண்டியில் அழைத்துப் போனேன். சட்டைப் பெட்டிகளின் அட்டையை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டளையை எழுதியிருந்தாள். 'கதவைச் சாத்து.' 'பலகையைத் துடை.' அட்டையைப் பெற்ற பிள்ளை வாய் திறவாமல் வாசித்து, எழுதியிருப்பதைச் செய்யவேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்து அப்பள்ளியை நடத்திய இளம் ஆசிரியர் முதலில் சிரித்தார். பிறகு மற்ற நாட்களிலும் அவ்வாறே நடத்தத் தொடங்கினார்.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. தோட்டத்தில் பள்ளிக்கூடம் என்பது காதால் கேட்கப்படும் ஒன்று. ரப்பர் மரங்களில் பால் வெட்டும் தாய்மார்களும், காரில் கடந்துபோகும் தோட்டத்து வெள்ளைக்கார நிர்வாகியான துரையும், தொழிலாளர் குடியிருக்கும் லயம்வரை எட்டும் ஒப்பித்தலைக் கொண்டே ஆசிரியரை மதிப்பிட்டனர். சத்தம் அடங்கியதும் ஆசிரியர் தூங்குகிறார் என்று முடிவுசெய்தார்கள்.

"என்னா வாத்தியாரே, புள்ளைங்க வாய தச்சிட்டீங்களா?" என்றாள் குழாயடியில் ஒருத்தி. "முந்தியெல்லாம் மரத்தடி வரைக்கும் கேக்கும். இப்ப கொசு பாடுறதுதான் கேக்குது."

"கொசுவாச்சும் ஒழுங்கா வேலைக்கு வருது" என்றாள் மற்றவள்.

தோட்டத்துக் கணக்கரான கிராணி கொண்டுவந்த செய்தி அதைவிடக் கடுமையானது: "தொரை சொல்லிட்டாரு. பாடம் கேக்கலன்னா வருசக் கடைசியில உங்கள புல் வெட்டுற வெளிக்காட்டு வேலைக்கு மாத்திருவாராம்."

என் மனைவி அதைக் கேட்டு, துரையிடம் தானே பேசுவதாகச் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கு முன் காய்ச்சல் கண்டது.

நவம்பரில் எனக்கு மாட்டுவண்டியின் குலுக்கலைத் தாங்கும் திராணி இல்லை. ரயில் நிலையத்தருகே வாடகைக் கார் பிடித்தேன். தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்பியபோதே முதற் பாடம் காதில் விழுந்தது, அதே இழுவையில், அதே ஒற்றைக் குரலில். ஓட்டுநரைத் திரும்பச் சொல்லலாமா என்று எண்ணினேன். எழுதவேண்டிய அறிக்கை இருந்தது, இறங்கினேன்.

வாசலில் என்னைக் கண்டதும் ஆசிரியர் கையை உயர்த்தினார். ஒப்பித்தல் பாதி வரியில் நின்றது.

"ஐயாவா? காரு சத்தம் கேட்டுச்சு, தொரைன்னு நெனச்சோம்." அவர் முகம் சிவந்திருந்தது. "காரு வந்தா பாட்டு, போனா அட்டை. அப்படித்தாங்க ஓடுது. எத்தன நாளைக்கு ஓடும்னு தெரியல. அம்மாவப் பத்திக் கேள்விப்பட்டோம்ங்க."

நான் தலையசைத்து அமர்ந்தேன். அவர் அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, முன்வரிசைச் சிறுமியிடம் நீட்டினார். அவள் உதடு அசையவில்லை. கண்கள் மட்டும் இடமிருந்து வலமாக நகர்ந்து, மீண்டும் முதலிலிருந்து நகர்ந்தன. எழுந்து தண்ணீர்ப் பானையருகே சென்றாள். குவளையை இரு கைகளாலும் பிடித்து வந்து என் முன்னே நீட்டினாள்.

குடித்து முடித்தபின் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 'வந்தவருக்குத் தண்ணீர் கொடு.' என் மனைவியின் சாய்ந்த எழுத்து.

அன்றைய அறிக்கையை அங்கேயே எழுதித் துரையின் பங்களாவுக்கு நானே கொண்டுபோனேன். இப்பள்ளியில் சத்தம் இல்லாத வேளையிலேயே படிப்பு நடக்கிறது என்பதே அதன் சாரம். துரை இருமுறை வாசித்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் ஆசிரியர் இன்னும் ஓராண்டு இருக்கட்டும் என்றார்.

இன்னும் செய்யாதவை:

பொந்தியான், சிம்பாங் ரெங்கம் தோட்டத்து ஆசிரியர்களுக்கு இம்முறையைக் காட்டுவது.

மழையில் நைந்த அட்டைகளைப் புதிதாக எழுதுவது.

அவள் வெட்டி வைத்து எழுதாமல் விட்ட அட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுப்பது.