அடித்துண்டுக்கு மூன்றாம் தரம்

நானாட்டானுக்குப் போகும் வழியில் நான் வந்த வான் வண்டியின் சில்லுக்குக் காற்றுப் போய்விடுகிறது. சாரதி அதை மாற்றும் வரை, பக்கத்திலுள்ள, மரம் அறுத்து விற்கும் மரக்காலைக்குள் நுழைகிறேன். வீதியை அகலிக்க வெட்டிய பாலை மரங்கள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. அங்கே வேலை செய்யும் ரெஜினா அக்கா அவற்றை அளந்து தரம் பிரித்துக்கொண்டிருக்கிறார். நாடாவைச் சுற்றிப் பருமன் பார்த்து, முனையில் சோக்கால் தரத்தை எழுதுகிறார். மேல்துண்டுகளுக்கெல்லாம் ஒன்று. பருத்த அடித்துண்டுகளுக்கு மட்டும் மூன்று.

எனக்கு விளங்கவில்லை. "அடித்துண்டுதானே அக்கா நல்ல மரம்?"

"ஓம். ஆனா இதைக் கேளுங்கோ."

ஒரு கருவியை எடுக்கிறார். சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் என் உடம்பைத் தடவிய அதே மாதிரிக் கருவி. மரத்தின் மேல் மெல்ல நகர்த்துகிறார். கீச்சென்று கத்துகிறது. அந்த இடத்தில் சோக்கால் ஒரு வட்டம் போடுகிறார். மறுபடி கீச். மறுபடி வட்டம்.

"துவக்கால சுட்ட சன்னம். வாளில பட்டா வாள் போயிடும், அறுக்கிறவரின்ர கண்ணும் போயிடும். எல்லா அடித்துண்டிலயும் கிடக்கு."

"மேல்துண்டில இல்லையோ?"

என்னை ஒரு கணம் பார்க்கிறார். "மரத்தையோ சுட வந்தவங்கள், தம்பி?"

கருவியோடு அடுத்த துண்டுக்குப் போய்விடுகிறார். அவர் விட்டுப்போன நாடாவை எடுத்து, அடிமுனையிலிருந்து முதல் வட்டம் வரை அளக்கிறேன். நாலடியும் கொஞ்சமும். அந்த அளவில் விரலை வைத்தபடி நாடாவின் நுனியை மிதித்துக்கொண்டு நிமிர்கிறேன்.

விரல் என் சட்டைப்பையில் வந்து நிற்கிறது.