பாதி வழியில் நின்றவர்களிடம் கேட்ட கேள்வி

லிப்ட் மெக்கானிக் எட்டாவதோடு படிப்பை விட்டவர். விட்டார் என்பதைவிட, பள்ளிக்கூடமும் அவரும் ஒருத்தரை ஒருத்தர் சலித்துப்போய்ப் பிரிந்தார்கள் என்று சொன்னால் சரியாக இருக்கும். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் ஒரே கம்பெனியில் லிப்ட் வேலை. கிரீஸ் படியாத விரல் அவருக்குக் கிடையாது. சிரிப்புக்கும் அளவு வைத்திருந்தார், மாதத்துக்கு ஒன்று.

ஆனால் அவர் வேலையில் பாதி பேச்சுதான். லிப்ட் நடுவழியில் நின்று ஆள் மாட்டிக்கொண்டால் இரண்டு பேர் போவார்கள். ஒருத்தர் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்கு ஏறி, சக்கரத்தைக் கையால் சுற்றி, பெட்டியை அங்குலம் அங்குலமாக ஒரு தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். இன்னொருத்தர் மூடிய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவரிடம் விடாமல் பேச்சுக் கொடுக்க வேண்டும். பேச்சு நின்றால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டுகிற மாதிரி ஆகிவிடும், கதவை உதைக்க ஆரம்பிப்பார். இது கம்பெனி விதி. மேலே சுற்றுகிறவனை எல்லோரும் சக்கரம் என்றே கூப்பிட்டார்கள். கீழே பேசுகிறவர் நம்ம மெக்கானிக். கட்டைக் குரல், இரும்புக் கதவைத் தாண்டிப் போகும்.

"சாப்பிட்டாச்சா சார்? பிள்ளைங்க எத்தனை? வீடு எந்தப் பக்கம்?" இந்த மூன்று கேள்வியிலேயே இருபத்தாறு வருஷத்தை ஓட்டிவிட்டார். நாலாவது கேள்வி வந்தது மகளால்.

மகள் பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஒரே ஒரு பாடம் எழுத வேண்டும். கீழே அப்பா கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். அவள் பென்சிலால் மெல்லிசாகப் புள்ளியியல் என்று எழுதி, அப்பா சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்படின்னா என்ன?"

"கணக்கெடுத்து, அதுலேருந்து விஷயத்தைக் கண்டுபிடிக்கிறதுப்பா."

"எண்ணறதுக்கு எதுக்கு மூணு வருஷம்? நான் ஒரே மூச்சுல ஆயிரம் வரைக்கும் எண்ணுவேன்."

அப்போது மனைவியின் தம்பி வந்திருந்தான். போன் ரிப்பேர் கடைக்காரன். ஊர் உலகத்துச் செய்தியெல்லாம் அவன் கடைக்கு வந்து, அவன் சரிபார்த்த பிறகுதான் வெளியே போகும். "மச்சான், வணிகவியலைப் போடச் சொல்லுங்க. கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம். என் பையன் படிக்கலையா?"

"உன் பையன் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருக்கான்," என்றாள் மனைவி. "மத்தியானம் ரெண்டு மணிக்கு உன் வீட்டுக்கு வந்தேன், அப்பவும் எழுந்திரிக்கலை."

மெக்கானிக்குக் கேள்விப்பட்டதில் நம்பிக்கை கிடையாது. லிப்ட் கயிறு தேய்ந்திருக்கிறது என்று யார் சொன்னாலும், தானே தடவிப் பார்த்தால்தான் மனசு ஆறும். கையெழுத்துக்கு முன்னால் படித்தவர்களிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். படித்தவர்கள் எங்கே கிடைப்பார்கள்? லிப்டில்தான். அதுவும் எங்கேயும் ஓட முடியாமல்.

அந்த மாதம் கரண்ட் அடிக்கடி போய்ப் போய் வந்தது. முதலில் மாட்டியவர் காப்பீட்டு அலுவலக அதிகாரி, மூன்றாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவில்.

"சார், பயப்படாதீங்க. நான் வெளியேதான் நிக்கறேன். நீங்க என்ன படிச்சீங்க?"

உள்ளேயிருந்து குரல் சந்தேகமாக வந்தது. "எதுக்குப்பா கேக்கற? செத்துப்போனா அடையாளம் காட்டறதுக்கா?"

"சேச்சே, சும்மாதான் சார். படிச்சது பிரயோஜனப்பட்டதா?"

"வரலாறு படிச்சேன். என்ன பிரயோஜனம்? இதோ இப்படித் தொங்கிக்கிட்டு இருக்கேன்."

மெக்கானிக் பையிலிருந்து சர்வீஸ் சீட்டை எடுத்து, அதன் பின்பக்கத்தில் 'வரலாறு, வீண்' என்று குறித்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் முப்பத்தொரு பேர். இயற்பியல், வீண். சட்டம், வீண், அழுகை. பொருளாதாரம், வீண், பெற்றவர்கள் மேல் கோபம். கட்டடக்கலை படித்த ஒருத்தர், இந்தக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டதே நான்தான், லிப்டை இவ்வளவு குறுகலாக வைத்ததும் நான்தான் என்று யாரும் கேட்காமலே மன்னிப்புக் கேட்டார்.

தாவரவியல் படித்துவிட்டு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருத்தர் மட்டும் கதையை ஆதியிலிருந்து சொன்னார். முதல் வருஷம் முடிகிற இடத்தில் மேலேயிருந்து சக்கரம் வாக்கி டாக்கியில் கூப்பிட்டான்.

"அண்ணே, பெட்டி தளத்துக்கு வந்தாச்சு. கதவைத் திறங்க."

"இருடா, இன்னும் ரெண்டாம் வருஷமே வரலை."

கட்டைக் குரல் கதவைத் தாண்டிப் போகும் என்று முன்பே சொன்னேன். அந்த அம்மாள் வெளியே வந்ததும் முதல் வேலையாகப் புகார் எழுதிக் கொடுத்தார். மறுநாள் மேற்பார்வையாளர் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஆளை உள்ளே வச்சுக்கிட்டு இண்டர்வியூ எடுத்தீங்களாமே?"

"மூணு நிமிஷம்தான் சார்."

"உங்களுக்கு மூணு நிமிஷம். உள்ளே இருக்கறவங்களுக்கு அதுல பாதி ஆயுசு போயிடும்."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்சம் பொறுத்து, "சார் என்ன படிச்சீங்க?" என்றார்.

"இயந்திரப் பொறியியல். நாலு வருஷம்." மேற்பார்வையாளர் பேனாவைத் திறந்தார். "படிச்சதாலதான் இப்ப உங்களுக்காக மன்னிப்புக் கடிதம் எழுதிக்கிட்டு இருக்கேன்."

முப்பத்திரண்டு.

விண்ணப்பத்துக்கு இன்னும் நாலே நாள் இருக்கும்போது, சீட்டுகளை எல்லாம் மேசையில் பரப்பினார்.

"முப்பத்திரண்டு பேர். இருபத்தெட்டு பேர் வீண்ங்கறாங்க. நான் சொல்லலை, படிச்சவங்களே சொல்றாங்க. பட்டமே வேண்டாம். எங்க கம்பெனியில பயிற்சிக்குச் சேர்த்துவிடறேன். இப்பல்லாம் பொம்பளைப் பிள்ளைங்களும் வருது."

மகள் முகம் சுண்டிப்போனது. அவள் அழவில்லை. ஒவ்வொரு சீட்டாகத் திருப்பிப் பார்த்தாள்.

"இவங்க எல்லாரையும் எப்பப்பா கேட்டீங்க?"

"மாட்டிக்கிட்டு இருக்கறப்பதான். மேற்பார்வையாளர் ஒருத்தர்தான் வெளியே. அவரும் என்கிட்ட மாட்டிக்கிட்டவர்தான்."

"இருட்டுப் பெட்டிக்குள்ள அடைச்சு வச்சுட்டு, உன் பொழைப்பு எப்படின்னு கேட்டா, ராஜாவே வீண்ணுதான் சொல்லுவாரு."

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது.

"ஒண்ணு செய்யுங்க," என்றாள் மகள். "இதே ஆளுங்களை, சாயங்காலம் லிப்ட் ஒழுங்கா இறங்கறப்ப கேளுங்க. அப்பவும் வீண்ணு சொன்னா, பென்சிலை நானே அழிச்சிடறேன். மறுநாளே உங்க கம்பெனிக்கு வந்து நிக்கறேன்."

மூன்று சாயங்காலம் மாடி மாடியாக லிப்ட் வாசல்களில் காவல் நின்றார். பதினோரு பேர்தான் கண்ணில் பட்டார்கள். காப்பீட்டு அதிகாரி சீட்டி அடித்துக்கொண்டு வந்தார். "வரலாறா? அது மட்டும் இல்லேன்னா நான் இந்த ஆபீசுல எப்பவோ பைத்தியமாயிருப்பேன்."

"வீண்ணு சொன்னீங்களே சார்."

"நானா? எப்போ?"

தாவரவியல் அம்மாள் இவரைப் பார்த்ததும் லிப்டுக்குள் வைத்த காலை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். ஏழு மாடி. இவரும் பின்னாலேயே இறங்கி, "அம்மா, மன்னிச்சுக்குங்க. அந்த ரெண்டாம் வருஷம் என்னாச்சு?" என்றார். அவர் நாலாவது மாடித் திருப்பத்தில் நின்று முறைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, படியிலேயே உட்கார்ந்து மூன்றாம் வருஷம் வரைக்கும் சொல்லி முடித்தார். எந்தச் செடியை எங்கே பார்த்தாலும் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும், அது ஒன்று போதும் என்றார்.

பதினோரு பேரில் ஒன்பது பேர் படித்தது நல்லது என்றார்கள். மெக்கானிக் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி எறிந்தார்.

"அத்தனையும் பொய்யனுங்க."

"பொய் இல்லப்பா. கேட்ட நேரம் மாறிச்சு, பதிலும் மாறிச்சு. எது மாறினா எது எவ்வளவு மாறும்னு பாக்கறதுதான் இந்தப் படிப்பு."

"அப்ப எதைத்தான் நம்பித் தொலைக்கிறது?"

"அதுக்குத்தான் மூணு வருஷம்."

அவர் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் கிரீஸ் கறையாக ஒரு பெருவிரலும் பதிந்தது.

மூன்று வருஷம் ஓடியது. பட்டம் வந்தது, வேலை வரவில்லை. எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். "ஈ எத்தனைன்னு எண்ணிட்டியாம்மா?" என்று மாமன்காரன் வாரம் தவறாமல் வந்து கேட்டான். மெக்கானிக் எழுந்து வெளியே போய்விடுவார். கையெழுத்து அவருடையதாயிற்றே.

ஒன்பதாவது மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. என்ன வேலை என்று அம்மா கேட்டதற்கு, "ஜனங்க காத்துக்கிட்டு இருக்கறதைப் பாத்துக் குறிக்கிற வேலை," என்றாள். மெக்கானிக் இதை வெளியே சொல்லவில்லை. யாராவது கேட்டால் "ஆஸ்பத்திரியில இருக்கா" என்பார். அவர்கள் "ஐயோ, என்ன உடம்புக்கு?" என்பார்கள்.

மறுவருஷம் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். முன்னொரு தடவை விடிகாலையில் போய் மாலையில் திரும்பிய இடம். அதனால் முழுநாள் லீவு சொல்லி, மத்தியானச் சாப்பாடு கட்டி, உட்கார ஒரு தலையணையும் எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டில் போட்டிருந்த நேரத்துக்குப் போனார். நாற்பதே நிமிஷத்தில் எல்லாம் முடிந்து மருந்துச் சீட்டு கைக்கு வந்துவிட்டது. அவருக்குச் சந்தேகம் தட்டியது. பதிவு செய்யும் பெண்ணிடம் போய் நின்றார்.

"ஏம்மா, என்னை முழுசாப் பாத்தாங்களா, பாதியில அனுப்பிட்டாங்களா?"

"முழுசாத்தான் சார். முன்னாடி எல்லாரையும் காலையில ஒரே நேரத்துக்கு வரச் சொல்லிடுவோம். ஒரு பொண்ணு மாசக்கணக்கா உக்காந்து குறிச்சுது. முழங்காலுக்கு எவ்வளவு நேரம், கண்ணுக்கு எவ்வளவு நேரம்னு. அதை வச்சு இப்ப ஆளுக்கு ஒரு நேரம் கொடுத்துடறோம்."

"அந்தப் பொண்ணு என்ன படிச்சிருக்கு தெரியுமா?"

"தெரியலையே சார்."

"தெரிஞ்சு வச்சுக்கணும்," என்றார் மெக்கானிக். அவளுக்குச் சொல்கிற மாதிரி வரிசையில் இருந்த இருபது பேருக்கும் சொன்னார். "புள்ளியியல்."

பிறகு தலையணையையும் சாப்பாட்டையும் தூக்கிக்கொண்டு மகள் இருக்கும் அறையைக் கண்டுபிடித்துப் போனார். அவள் நிமிர்ந்தாள்.

"அதுக்குள்ள முடிஞ்சுதாப்பா?"

"முடிச்சு விட்டுட்டியே. அநியாயமா ஒரு நாள் லீவு போச்சு. இந்தச் சாப்பாட்டை நான் எங்கே வச்சுத் திங்கறது?"

மகள் மேசையிலிருந்த காகிதங்களை ஒதுக்கி இடம் பண்ணினாள். காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள்.