சிலேட்டில் எழுதிய காய்ச்சல்

2003ஆம் ஆண்டு, வைகாசி மாதம். கொழும்பு ரயிலில் வந்து பண்டாரவளையில் இறங்கி, பூனாகலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உடம்பு சுடுகிறது என்று தெரிந்தது. சிங்கப்பூரில் நாலு வருஷம் வீட்டுவேலை செய்துவிட்டு, இரண்டு மாத லீவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்தேன். என் புருஷன் இறந்து, ஒன்றரை வயது மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் போனவள். இப்போது அவளுக்கு ஐந்தரை வயது.

அந்த வருஷம்தான் சார்ஸ் என்ற தொற்றுநோயின் பெயரை உலகமே கேள்விப்பட்டது, சிங்கப்பூரிலும் பரவியிருந்தது. நான் வேலை செய்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். தினமும் காலையில் அவர்களுக்குக் காய்ச்சல் பார்த்து எழுதி அனுப்பினால்தான் பள்ளிக்கூடத்தில் உள்ளே விடுவார்கள். அந்தப் பழக்கத்தில் என் கைப்பையிலும் ஒரு சின்ன மின்னணு வெப்பமானி இருந்தது. பஸ்ஸில் அதை நாக்குக்கு அடியில் வைத்தேன். பக்கத்து சீட்டில் இருந்த ஓர் அம்மா ஏதோ வெளிநாட்டு மிட்டாய் என்று நினைத்திருப்பார், ஒரு மாதிரியாகப் பார்த்தார். 38.4 டிகிரி காட்டியது, காய்ச்சல்தான். எழுந்து போய்க் கடைசி சீட்டின் மூலையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அலைச்சல் காய்ச்சல் என்று இரண்டு மாத்திரை போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பூனாகலை வரும் வரைக்கும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். பஸ் நின்ற இடத்தில் தங்கை காத்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு என் மகள் நின்றாள், தலைக்கு எண்ணெய் வைத்து, மஞ்சள் ரிப்பன் கட்டி.

"கிட்ட வராதீங்க" என்றேன்.

நாலு வருஷம் கழித்து என் பிள்ளையிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். "என்னக்கா, வந்ததும் வராததுமா?" என்று தங்கை திகைத்து நின்றாள். பிள்ளைக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கிட்ட வரவேண்டாம் என்று சொன்னது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். சட்டென்று தங்கையின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

தோட்டத்தின் சின்ன வைத்தியசாலையான மருந்துக்காம்பராவுக்குப் போய், வாசலில் தள்ளி நின்றே நடந்ததைச் சொன்னேன். பதுளை ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் பறந்தது. தொழிலாளர்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளை மடுவத்துக்குப் புதுக் கட்டடம் கட்டியிருந்ததால், பழைய மடுவம் சும்மா கிடந்தது. அதில் என்னைத் தனியாக வைத்தார்கள்.

மறுநாள் பதுளையிலிருந்து ஆய்வுகூட உத்தியோகத்தர் ஒருவர் ஐஸ் பெட்டியோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். உடம்பு முழுக்க அங்கி, கையுறை, முகமூடி. கண்கள் மட்டும்தான் தெரிந்தன. நீளமான குச்சியில் பஞ்சைச் சுற்றி என் தொண்டையிலும் மூக்கிலும் விட்டு எடுத்தார்.

"இதை வச்சு என்னங்க பார்ப்பாங்க?" என்று கேட்டேன். எனக்கு எப்போதும் வாய் சும்மா இருக்காது.

"இது புதுக் கிருமி, அம்மா. இந்த வருசத்துக்கு முந்தி இப்பிடி ஒண்டு இருக்கெண்டு ஆருக்கும் தெரியாது. இப்ப அதின்ர மரபணுவை எடுத்து, எழுத்தெழுத்தா வாசிச்சிட்டினம். உங்கட தொண்டையில இருக்கிறது அதோட பொருந்துதோ எண்டு பாப்பினம். இது கொழும்புக்குப் போய், அங்கயிருந்து வெளிநாட்டுக்குப் போகும்."

"பொருந்திச்சுன்னா?"

"பொருந்தாது எண்டு நினைப்பம்" என்று சொல்லிப் பெட்டியை மூடினார்.

பாஸ்போர்ட் இல்லாமல் என் எச்சில் மட்டும் திரும்ப வெளிநாடு போகிறது என்று நினைத்துச் சிரித்தேன். கூடச் சிரிக்க அங்கே ஆள் இல்லை.

போகும்போது மடுவத்துக்கு முன்னால் இருபது அடி தள்ளி, சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போட்டார். அதற்கு இந்தப் பக்கம் யாரும் வரக்கூடாது, அந்தப் பக்கம் நான் போகக்கூடாது. சோற்றுப் பாத்திரத்தைக் கோட்டில் வைத்துவிட்டு ஆள் விலகிய பிறகுதான் நான் எடுக்கவேண்டும். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து ஆட்கள் அந்தப் பாதையில் நடப்பதையே விட்டுவிட்டார்கள். என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள் தூரத்திலிருந்து கையைக் காட்டினாள், மறு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. 'சிங்கப்பூர் காய்ச்சல்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. அவர்களைக் குறை சொல்லமாட்டேன், எனக்கே என்னைக் கண்டு பயமாகத்தான் இருந்தது.

கூரை வளையில் தொட்டில் கட்டுகிற கொக்கிகள் வரிசையாக இருந்தன. காய்ச்சலில் படுத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் மகளும் இதில் ஏதோ ஒன்றில்தான் தூங்கியிருப்பாள், எது என்று எனக்குத் தெரியாது. சிங்கப்பூரில் தனிமை பழகிப்போன விஷயம். ஆனால் அங்கே ஒரு வசதி இருந்தது. பிள்ளை ஊரில் நமக்காகக் காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளலாம். இங்கே பிள்ளை இருபது அடி தூரத்தில் நின்று என்னை யாரோ மாதிரிப் பார்த்தாள். தங்கை என்னைப் பற்றி அவளிடம் பேசும்போது 'சிங்கப்பூர் அம்மா' என்று சொல்லிப் பழக்கியிருந்தாள். ஏதோ தூரத்துச் சொந்தத்தைச் சொல்வது போல இருந்தது.

காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து மருந்துக்காம்பராவுக்குச் சொல்லவேண்டும் என்பது உத்தரவு. உள்ளேயிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட வெளியே போகக்கூடாது. அதனால் அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதில் கரியால் பெரிதாக எழுதித் தூக்கிக் காட்டுவேன். கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பார்த்து எழுதிக்கொண்டு போகவேண்டும். தங்கை காலையில் பெரட்டுக்கு ஓடவேண்டியவள், அங்கே பேர் கொடுத்தால்தான் வேலை. வேறு யாரும் வரமாட்டார்கள். கடைசியில் அந்த வேலை என் மகளின் சிலேட்டுக்கு வந்தது. மருந்துக்காம்பரா கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

முதல் நாள் அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, அட்டையை மட்டும்தான் பார்த்தாள். மூன்றைத் திருப்பி எழுதினாள். எழுதுவது எப்படி என்று காட்டுவதற்காக, அவளுக்கு முதுகைக் காட்டி நின்று காற்றில் மெதுவாக ஒரு மூன்று போட்டேன். திரும்பிப் பார்த்தால் பிள்ளை கோட்டுக்கு இன்னும் ஓர் அடி கிட்ட வந்து நின்றாள். அதற்குப் பிறகு அவளுக்குத் தெரிந்த இலக்கத்துக்கும்கூட நான் வேண்டுமென்றே முதுகைக் காட்டிக் காற்றில் எழுதினேன்.

"மூணுக்குப் பக்கத்துல ஆறு, ஏழு வந்தா நல்லது. எட்டு, ஒம்பது வந்தா காய்ச்சல். அப்ப ஓடிப்போய்ச் சொல்லணும், சரியா?" என்று சொல்லிக்கொடுத்தேன். பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினாள்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. இருமலும் குறைந்தது. அன்று மாலை எழுதி முடித்த பிறகும் அவள் போகாமல் நின்றாள்.

"சிங்கப்பூர்ல நீங்க இருக்கிற வீட்ல பிள்ளைங்க இருக்காங்களா?"

"ரெண்டு பேர் இருக்காங்க."

"அவங்களுக்கும் இப்படித்தான் அட்டையில எழுதிக் காட்டுவீங்களா?"

"இல்ல. அவங்க பக்கத்துலயே இருப்பேன்" என்றேன். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.  அவள் சிலேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. அந்தப் புதுக் கிருமி இல்லை, சாதாரணத் தடிமன், சளிக் காய்ச்சல்தான். பதுளையிலிருந்து டெலிபோனில் செய்தி சொன்னார்கள். இன்னும் இரண்டு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் வெளியே வரலாம் என்றார்கள். நான் மடுவத்துக்குள் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் காலை 36.7 என்று எழுதிக் காட்டினேன். மகள் எழுதிக்கொண்டு போனாள். மதியத்துக்குள் ரோட்டில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. லயத்தில் கதவுகள் சாத்துகிற சத்தம் மேலே மடுவம் வரைக்கும் கேட்டது. ஆய்வுகூடத்து ஐயா அதே அங்கியோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். நான் துணி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"காலமை முப்பத்தொன்பது எண்டு வந்திருக்கு" என்றார்.

என் அட்டையைக் காட்டினேன். அவரே காய்ச்சல் பார்த்தார். ஒன்றும் இல்லை. "சின்னப் பிள்ளை, பிழையா எழுதியிருக்கும்" என்றார். அதற்குள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த தங்கை விஷயம் கேள்விப்பட்டு மலையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். மகளை இழுத்து வந்து கோட்டுக்கு முன்னால் நிறுத்தி, "பார்த்து எழுதத் தெரியாதா உனக்கு?" என்று கையை ஓங்கினாள்.

"அடிக்காத" என்று நான் கத்தினேன்.

பிள்ளை அழவில்லை. சிலேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். "தெரிஞ்சுதான் எழுதினேன்" என்றாள். ஏன் என்று தங்கை கேட்டதற்கு நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"காய்ச்சல் போனா அவங்க ஏரோப்ளேன்ல போயிருவாங்கன்னு நீங்கதானே சின்னம்மா சொன்னீங்க. காய்ச்சல் இருந்தா இங்கயே இருப்பாங்கல்ல."

 என் கால் தானாக நடந்து கோட்டின் மேலேயே போய் நின்றுவிட்டது. அந்த ஐயா கையை நீட்டித் தடுத்தார். பிறகு ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு புதுக் குச்சியை எடுத்தார்.

"பிள்ளை பொய்யாத்தான் எழுதினது எண்டு எனக்கு விளங்குது, அம்மா. ஆனா எங்கட வேலையில எழுதின இலக்கத்தைச் சும்மா அழிக்க ஏலாது. இன்னொருக்கா எடுத்து அனுப்போணும். முடிவு வரும் மட்டும் இருங்கோ."

வாயைத் திறந்தேன். முடிந்ததும் அவர் குச்சியைப் பெட்டிக்குள் வைத்தார். "நான் லீவில வீட்டை போனா என்ர மகனும் ரெண்டு நாளைக்குக் கிட்ட வரமாட்டான். அவன் கிட்ட வந்து சேரேக்க எனக்குத் திரும்பிப் போற பஸ்சுக்கு நேரமாயிடும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று மாலை மகள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும், ஆளுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்தோம்.

"நான் போகமாட்டேன்" என்றேன்.

"காய்ச்சல் போனாலுமா?"

"போனாலும்."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. மறுநாள் காலையில் 36.6 என்று காட்டினேன். எழுதி முடித்து, சிலேட்டைத் திருப்பி எனக்குக் காட்டினாள். 36.6 என்றுதான் இருந்தது.

இரண்டாவது முடிவும் நல்லபடியாக வந்தது. இனி வரமாட்டேன் என்று நான் சிங்கப்பூருக்கு எழுதிப் போட்டுவிட்டு, மறுபடி கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டினேன். கையில் வந்த நல்ல வேலையை விட்டுவிட்டதாகத் தங்கை இன்றைக்கும் திட்டுவாள், நானும் மறுத்துப் பேசுவதில்லை. மகளுக்காகத்தான் போனேன் என்று நாலு வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பெற்றவளைத் தன்னிடம் நிறுத்திவைக்க ஒரு காய்ச்சலை விட்டால் வேறு வழியில்லை என்று நினைக்கிற அளவுக்கு என் பிள்ளை தனியாக இருந்திருக்கிறாள் என்பதை நினைத்தால், இப்போதும் கொழுந்து பறிக்கிற கை அப்படியே நின்றுவிடுகிறது.