சூட்டு உடம்பு

எல்லாவற்றுக்கும் காரணம் என் மொழிபெயர்ப்புதான்.

ஜெர்மனியில், வால்டோர்ஃபில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் கேண்டீனில், ஒரு ஜனவரி மதியம், எல்லோரும் கம்பளிக்குள் புகுந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். ஸ்வெட்டரை ஹீட்டர்மேல் காயப்போட்டு வீட்டிலேயே மறந்துவிட்டேன் என்பது வேறு விஷயம். குளிரவில்லையா என்று எதிரே இருந்த ஜெர்மன்காரர் கேட்டார். மதுரையில் யாரிடம் சொன்னாலும் புரிகிற பதிலைத்தான் சொன்னேன். எனக்குச் சூட்டு உடம்பு. ஆனால் ஆங்கிலத்தில் அது, "ஐ ஹேவ் எ ஹாட் பாடி" என்று வெளியே வந்துவிட்டது.

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. தொப்பை முன்னேறிக்கொண்டும் தலைமுடி பின்வாங்கிக்கொண்டும் இருந்த காலம். மேஜை முழுக்க ஸ்பூன்கள் அந்தரத்தில் நின்றன. பக்கத்தில் இருந்த கோயமுத்தூர் நண்பர் சூப்பைத் தட்டிலேயே துப்பிவிட்டார்.

சமாளிக்கப் போனதில் இன்னும் மாட்டிக்கொண்டேன். "அந்த அர்த்தமில்லை. பாலை வயிற்றில் கட்டிக்கொண்டு தூங்கினால் காலையில் தயிராகிவிடும், அந்த மாதிரிச் சூடு" என்று விளக்கினேன். ஜெர்மன்காரர் சிரிக்கவில்லை. துடைப்பக்குச்சி போல ஒல்லியான மனிதர், எதைச் சொன்னாலும் நிஜமா என்று யோசிப்பவர். "இங்கேயா? ஜனவரியிலா?" என்றார். "பனியிலேயே படுத்தாலும்" என்றேன். வாய்தான் காரணம்.

அவர் வருஷா வருஷம் ஆல்கொய் மலைக்குப் போய்ப் பனியில் கூடாரம் போட்டுப் படுக்கிறவர் என்பது எனக்குத் தெரியாது.

அது பந்தயமாக மாறியதற்கு ஒரு காரணம் இருந்தது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை புதிய மென்பொருள் ஒன்றை ஓடவிடுகிறார்கள். யாராவது ஒருவர் அலுவலகத்தில் உட்கார்ந்து காவல் காக்க வேண்டும். அந்தப் புரோகிராம் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். முறை என்னுடையது. அதே சனிக்கிழமைதான் என் மனைவி மதுரையிலிருந்து, வங்கியில் லீவு வாங்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக விமானம் ஏறி வருகிறாள். அவளைப் பார்த்து எட்டு மாதமாகிவிட்டது. முறையை மாற்றிக்கொள்ள முடியுமா என்று அவரிடம் ஏற்கெனவே கேட்டிருந்தேன். அன்றைக்கு அவர் ஊரில் கார்னிவல் ஊர்வலம். அவர் டிரம்பெட் வாசிக்கிறார், பேண்டுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. மன்னிக்கவும் என்றார், நிஜமாகவே வருத்தத்தோடு.

போனில் மனைவி தெளிவாகச் சொல்லியிருந்தாள். "பிராங்க்ஃபர்ட்ல எறங்கி, ரயில் மாறி, பொட்டியத் தூக்கிக்கிட்டு நானா வரணுமா? வெளிய வரயில நீங்க நிக்கலைன்னு வைங்க, அதே பிளேன்ல திரும்பிருவேன். ஆமா, சொல்லிப்புட்டேன்."

இப்போது ஜெர்மன்காரர் சூப்பைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார். "பனியில் அது தயிரானால் அந்தச் சனிக்கிழமை நான் உட்காருகிறேன். ஆகாவிட்டால் நீ." நிபந்தனை ஒன்றே ஒன்று. பால் என் தூங்கும் பைக்குள் இருக்க வேண்டும், வெந்நீர்ப் பாட்டில் அந்தப் பைக்குள் வரக்கூடாது.

அந்த வாரக் கடைசியில் ஆல்கொய்க்குக் கிளம்பினோம். கோயமுத்தூர்க்காரர் சாட்சியாக வந்தார். போகிற வழியெல்லாம் அவருக்கு ஆறுதல் சொன்னேன். "தமிழ்ல நான் தோக்கவே முடியாதுய்யா. பால் தயிரானாலும் உறைஞ்சதுதான், ஐஸ் ஆனாலும் உறைஞ்சதுதான்."

"அதைய அவருகிட்டத் தமிழ்லயே சொல்லுங்ணா. கேட்டுட்டு லீவு குடுப்பாரு."

மலையடிவாரத்தில் ஜெர்மன்காரர் காரிலிருந்து பனிக்காலணிகளை எடுத்தார். நான் ஏதோ பூட்ஸ் என்று நினைத்திருந்தேன். அது முறம். நம் வீட்டு முறத்தைப் பிளாஸ்டிக்கில் செய்து அடியில் பல் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. அதை ஷூவோடு வார்போட்டு இறுக்கினார்.

"ஏனுங்ணா, கால்ல மொறத்தைக் கட்டிட்டு எங்க பொடைக்கப் போறோம்?"

ஆனால் அதிசயம் என்னவென்றால், அது வேலை செய்தது. முறத்தைக் கழற்றி வைத்தால் தொடைவரை புதைகிற பனியில், முறத்தோடு நடந்தால் கணுக்கால்கூட இறங்கவில்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஆகவே கழற்றிப் பார்த்தேன். புதைந்தேன். இருவரும் இழுத்து எடுத்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு தடவை கழற்றிப் பார்க்கலாமா என்று தோன்றியது. கோயமுத்தூர்க்காரர் என் முகத்தைப் பார்த்தே, "வேண்டாமுங்ணா" என்றார்.

மேலே ஒரு பண்ணைக்காரரின் புல்வெளி. ஜெர்மன்காரர் அனுமதி முன்பே வாங்கியிருந்தார். கூடாரம் போடுவதற்கு முன், முறங்களோடு அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டும். மிதித்துவிட்டுச் சும்மா காத்திருந்தால் பனி தானாக இறுகித் தரையாகிறது. சிமெண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. பாத்திரம் நிறையப் பனியை அள்ளி அடுப்பில் வைத்தால் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர்தான் மிஞ்சுகிறது. மீதியெல்லாம் வெறும் காற்றாம். இதற்கா இத்தனை நேரம் பயந்தோம் என்றிருந்தது.

பாலைக் காய்ச்சி ஆறவைத்தேன். எவ்வளவு சூடு சரி என்று ஜெர்மன்காரர் கேட்டார். விரலை விட்டால் பொறுக்க வேண்டும் என்றேன். அவர் ஜாக்கெட்டிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்தார். பிறகு அதை உள்ளே வைத்துவிட்டு, விரலையே விட்டுப் பார்த்தார். ஒரு ஸ்பூன் தயிரை உறை ஊற்றிக் கலக்கி, பாட்டிலில் அடைத்தேன். "இது உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்டார். "இப்போதைக்கு" என்றேன்.

கூடாரத்தில் மூவரும் வரிசையாகப் படுத்தோம். அவர்கள் இருவர் காலடியிலும் வெந்நீர்ப் பாட்டில். எனக்குப் பால். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே எவ்வளவு என்று ஜெர்மன்காரர் சொல்ல வந்தார், வேண்டாம் என்றுவிட்டேன்.

சூட்டு உடம்பைப் பற்றி அன்று ஒன்று தெரிந்துகொண்டேன். சூடு எனக்கு வாயில்தான் இருக்கிறது. வயிற்றோடு அணைத்திருந்த பாட்டில் முதலில் எனக்குச் சூடு கொடுத்தது, அதன்பின் என்னிடமிருந்து வாங்க ஆரம்பித்தது. வாங்குவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. பல் அடித்துக்கொள்கிற சத்தத்தில் பக்கத்துப் பை அசைந்தது.

"பால் எப்படி இருக்கிறது?" என்றார் ஜெர்மன்காரர். என்னை விசாரிக்கவில்லை, பாலை விசாரித்தார்.

"ச-சாகப் போகிறது."

பால் செத்தால் அவருக்கு ஜெயம். அவருடைய டிரம்பெட் பத்திரமாக இருந்த நேரம் அது. சும்மா திரும்பிப் படுத்திருந்தால் போதும். ஆனால் ஒரு கை இருட்டில் நீண்டு வந்து, தன் வெந்நீர்ப் பாட்டிலை என் பைக்குள் தள்ளியது. பால் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. "எனக்குத் தெரிந்தாக வேண்டும்" என்றார்.

காலையில் அவர் கூடாரத்து வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்து மூடியைத் திறந்தார். பாட்டிலைச் சாய்த்தார். உள்ளே இருந்தது அசையவில்லை. இன்னும் சாய்த்தார். அந்த ஒல்லி உடம்பு ராத்திரி முழுக்க அடுப்பாக எரிந்து, கத்தியால் வெட்டலாம் போலக் கெட்டித் தயிர் போட்டிருந்தது.

"ஆனால் அது என் சூடு இல்லையே" என்று நான் இழுத்தேன்.

கோயமுத்தூர்க்காரர் என் காலை மிதித்தார், முறத்தோடு. "வாயை மூடுங்ணா. அண்ணி வர்றாங்க."

ஜெர்மன்காரர் தலையை ஆட்டினார். "பனியில் தயிராகாது என்று சொன்னேன். ஆகிவிட்டது. நான் சொன்னது தப்பு." அவ்வளவுதான். ஊர்வலத்தில் டிரம்பெட் வாசிப்பது போனதைப் பற்றி ஒரு வார்த்தையில்லை. ஒரு விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "நானா செய்தேன்?" என்று தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்து வெளியில் வைத்திருந்த என் சோறு செங்கல்லாகியிருந்தது. அதை உருக்கிப் பிசைந்து, மாவடு வைத்து மூவரும் சாப்பிட்டோம்.

பிப்ரவரியில் அந்தச் சனிக்கிழமை பிராங்க்ஃபர்ட்டில் கதவு திறந்தபோது நான் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்த்து முதலில் சொன்னது, "ஏன் இப்படிக் கறுத்துப்போயிட்டீக?" பனியில் பட்டுத் தெறித்த வெயில் என்று சொன்னேன், நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து மோர்க்குழம்பும் தயிரும் போட்டேன். மலையில் மிச்சம் வைத்த தயிரிலிருந்து விடாமல் உறை ஊற்றி வந்திருந்தேன். "கட்டியா இருக்கே. நீங்களா உறை ஊத்துனீக?" என்றாள். கதையைச் சொன்னேன், கேண்டீனில் தொடங்கி. ஸ்பூன் பாதி வழியில் நின்றது.

"அப்ப இது அந்த மனுசன் வகுத்துல கெடந்த தயிரு."

"அதோட பேரப்பிள்ளை."

 பாதி வழியில் நின்ற ஸ்பூன் வாய்க்குள் போனது. "ஆபீஸுக்குப் போனைப் போடுங்க. ஒரு நன்றி சொல்ல வேணாமா?"

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். வங்கி கவுண்டரில் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலில், நல்ல ஆங்கிலத்தில், என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சார், ஐ ஹியர் யூ ஹேவ் எ ஹாட் பாடி."

 மறுமுனையில் வழக்கம்போல நிஜமா என்று யோசிக்கிறார் போலும் என்று நினைத்தேன். அப்புறம் யாருமில்லாத அலுவலகம் அதிர, டிரம்பெட் சத்தம் கேட்டது.