நான்காம் தொட்டியின் பொத்தான்

களைப்பில் கண்டதைச் சொல்கிறேன் என்பார்கள். களைத்திருந்தது உண்மைதான். ஆனால் நேரம் போட்டு எழுதிக்கொண்ட கணினிக்குக் களைப்பு கிடையாது. அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது.

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. ஹரி ராயா, அதாவது நோன்புப் பெருநாள் விடுமுறை. தீபாவளிக்கு மலாய் நண்பர்கள் எங்கள் வேலையைப் பார்ப்பார்கள், ராயாவுக்கு நாங்கள். எனக்கு அது தொடர்ந்து மூன்றாவது நாள்.

தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்பவர் கையில், நீண்ட ஒயரில் ஒரு பொத்தான் இருக்கும். மூச்சு முட்டினால் அழுத்துவார். கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கும். நான்காம் தொட்டியின் பழைய பொத்தானை எப்போதோ வெட்டி எடுத்துவிட்டார்கள். புதியதை அதே இணைப்பில் பொருத்த வேண்டும். நான்கு மணிக்கு யுகேந்திரன் நான்காம் தொட்டியில் இறங்குகிறான்.

யுனிக்ஸ் கணினியில் ஒவ்வொரு கருவியும் ஒரு கோப்பாகத் தெரியும். கருவியோடு பேசுவது டிரைவர் என்ற சிறு நிரல். யாராவது அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை டிரைவரை நீக்கக் கணினி சம்மதிக்காது. திறந்திருப்பவர்களின் எண்ணிக்கை பூஜ்யமாக வேண்டும்.

பிற்பகல் 3:12. புதியதைப் பொருத்துமுன் பழைய பொத்தானின் டிரைவரை நீக்கப் பார்த்தேன். மறுத்தது. எண்ணிக்கை: ஒன்று.

எந்த நிரல் அதைத் திறந்து வைத்திருக்கிறது என்று தேடினேன். எதுவும் இல்லை.

யுகேந்திரன் எட்டிப் பார்த்தான்.

"முடிஞ்சுதாண்ணே? நாலு மணிக்கு எறங்கணும் லா."

"பழைய டிரைவர் விடமாட்டேங்குது."

"என் மாமியார் மாதிரின்னு சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3:26. வெளியே போய்ப் பழைய பொத்தானின் ஒயரைப் பார்த்தேன். பாதியில் வெட்டப்பட்டு, சுவரில் தொங்கியது. செம்பு பச்சை பூத்திருந்தது.

3:31. திரும்பி வந்து, கருவியின் கோப்பைத் திறந்து பார்த்தேன். வெறுமையாகத்தான் இருந்தது.

டிங்.

திரையில் ஒரு வரி வந்தது: பொத்தான் அழுத்தப்பட்டது.

டிங்... 3:33.

டிங்... டிங்... 3:34.

"என்னாண்ணே அது?" யுகேந்திரனின் குரல் இறங்கியிருந்தது.

"கோளாறு."

"அதான் ஒயரே இல்லையே..."

"கோளாறுடா."

டிங். டிங். டிங். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

வலுக்கட்டாயமாக நீக்கும் கட்டளை ஒன்று உண்டு. தட்டினேன். விரல் என்டர் விசைமேல் நின்றது.

யுகேந்திரன் கடிகாரத்தைப் பார்த்தான்.

3:47. அழுத்தினேன்.

பூஜ்யம்.

அமைதி...

நீண்ட அமைதி.

புதிய பொத்தான் ஒழுங்காக ஒலித்தது. யுகேந்திரன் நான்கு மணிக்கு இறங்கி, ஐந்தே காலுக்கு நலமாக ஏறி வந்தான். நான் வீட்டுக்குப் போய், குளிக்காமலே தூங்கினேன்.

ஒரு வாரம் கழித்துப் பாதுகாப்பு அதிகாரி செல்வராணியிடம் அந்தப் பழைய பொத்தானைப் பற்றிப் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"கனகராஜ்னு ஒருத்தர். நாலு வருசம் ஆச்சு. அதே டேங்க். மணி அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. அவரு மேல ஏறி டீ குடிக்கப் போயிட்டாருன்னு நெனச்சாங்க. மெஷின்தான் கோளாறுன்னு, டியூட்டில இருந்தவரு டிரைவர எடுத்து விட்டுட்டாரு."

"அப்புறம்?"

"வெளிய எடுத்தப்போ கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்துச்சு."

டிரைவரை எடுத்த பிறகு கனகராஜ் எத்தனை முறை அழுத்தினார் என்பதற்குப் பதிவு இல்லை. கேட்பதற்கு டிரைவர் இல்லை.