ஜெனரலுக்கு உடம்பு கொடுத்தவர்

சுவிஸின் சூக் நகரத்து உணவகமொன்றின் குசினியில் பதினெட்டு வருடங்களாகக் கோப்பை கழுவுபவர் எமிலியானுஸ். மன்னாரில் ஆமிக்குப் பயந்து ஓடத் தொடங்கி, கடைசியில் இங்கே வந்து நின்றவர். உணவகத்தின் மேல்மாடியில் ஊர்ஸ் என்றொரு சுவிஸ் ஓவியர் குடியிருந்தார். கண்ணால் காணாத எதையும் கீறமாட்டேன் என்பது அவருடைய கொள்கை. பேட்டிகளிலும் அதைச் சொல்லியிருக்கிறார்.

அவரிடம் ஒரு பெரிய வியாபாரி, ரஷ்ய ஜெனரல் ஒருவரைக் கீறித் தரும்படி கேட்டார். போர்க்காலம், ஜெனரலுக்கு விசா கிடைக்கவில்லை. கழுத்துவரை தெரியும் புகைப்படமொன்றும், பதக்கங்களோடு சீருடையும் பார்சலில் வந்தன. சீருடைக்குள் நிற்க ஓர் உடம்பு வேண்டும். ஊர்ஸ் தன் நண்பர்கள் நான்கு பேருக்குப் போட்டுப் பார்த்தார். எல்லோரும் சைக்கிள் ஓடி மெலிந்தவர்கள். வயிற்றுப் பக்கம் தொளதொளத்தது. குப்பை கொட்ட வெளியே வந்த எமிலியானுஸைக் கண்டதும் ஓவியரின் பார்வை அவர் வயிற்றிலேயே நின்றுவிட்டது.

எமிலியானுஸ் சம்மதித்தது அவர் மனைவி அன்னமலருக்குப் பிடிக்கவில்லை.

“ஆமி எண்டாலே கட்டிலுக்குக் கீழ ஒளிச்ச ஆள். இப்ப அந்த உடுப்பையே போடப் போறியளோ?”

“இது ரஷ்ய ஆமியப்பா. அதோட உடுப்புக்குள்ள நிக்கிறது நான்தானே. எனக்கென்ன பயம்?”

சொன்னாரே தவிர, முதல்நாள் நிலைக்கண்ணாடியில் தன்னைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார். கைகள் தாமாகவே தலைக்குமேல் எழுந்தன.

“கையை இறக்குங்கள். ஜெனரல் சரணடைவதில்லை” என்றார் ஊர்ஸ்.

ஆறு ஞாயிறுகள், பூசை முடிந்ததும் போய் மூன்று மணிநேரம் நின்றார். ஊர்ஸ் கண்டதையெல்லாம் கீறினார்: சவர்க்காரத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள், தக்காளித் தகரம் வெட்டிய பெருவிரல் தழும்பு. நிறத்தை மட்டும் ரஷ்யாவுக்கு மாற்றினார்.

படத் திறப்புவிழாவுக்கு வைன் பரிமாற உணவகம் எமிலியானுஸைத்தான் அனுப்பியது. விமர்சகர் ஒருவர் அந்தத் தழும்பைச் சுட்டி, “இது போர்க்களம் போட்ட கையெழுத்து” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்ட ஒரு சீமாட்டி, எமிலியானுஸ் நீட்டிய தட்டிலிருந்து கிளாஸை எடுத்தபடி, “நீங்கள் ஜெனரலைக் கண்டிருக்கிறீர்களா?” என்று கேட்டார்.

“முகத்தைத் தவிர மிச்சமெல்லாம் கண்டிருக்கிறேன்.”

பாவம், இவருக்கு ஜெர்மன் சரியாகத் தெரியாது என்று நினைத்துச் சீமாட்டி அன்பாகச் சிரித்தார்.

மூன்றாம் மாதம் ஜெனரலின் பதவி போனது. வியாபாரி படத்தைக் கழற்றிவிட்டு, அடுத்து வந்த ஜெனரலைக் கீறச் சொன்னார். ஊர்ஸ் குசினிக்கே இறங்கி வந்தார்.

“இந்தமுறை கதிரையில் இருக்கிற மாதிரிக் கீறுங்கள். என் முழங்கால் தாங்காது” என்றார் எமிலியானுஸ்.

“ஜெனரல் என்றால் நிற்கவேண்டாமா?”

“அப்படியென்றால் வேறு வயிறு பாருங்கள்.”

சூக்கில் வேறு வயிறு கிடைக்கவில்லை. ஆகவே புதிய ஜெனரல் பஞ்சுக் கதிரையில் சாய்ந்திருக்கிறார். தன்னுடைய நிதானத்தை இவ்வளவு ஆழமாக உணர்ந்த கலைஞன் வேறில்லை என்று மொஸ்கோவிலிருந்து கடிதம்கூட வந்தது. அந்தக் கதிரையில் எமிலியானுஸ் பாதி நேரம் நல்ல நித்திரை. கண்கள் ஜெனரலுடையவை என்பதால் அது படத்தில் தெரியாது.