பிராங்க்ஃபர்ட்டில் துண்டு போட்டு இடம் பிடித்தேன்

நனைந்த கம்பளிக் கோட்டு வாசனை... அதோடு கடுகு தடவிய சாசேஜ் வாசனை. எழுபத்து நாலாம் வருஷம் ஜெர்மனி என்றால் எனக்கு இன்றும் மூக்கில் ஏறுவது இதுதான்.

அங்கே உலகக்கோப்பை கால்பந்து. தி. நகரில் என் துணிக்கடை அப்போது சின்னது. கட்டம் போட்ட கைத்தறித் துணியை வெளிநாட்டுக்கு அனுப்ப ஆரம்பித்திருந்தேன். பிராங்க்ஃபர்ட்டில் ஒரு வியாபாரியைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் அந்தச் சந்திப்பை ஆட்டம் நடக்கும் வாரத்துக்குத் தள்ளி வைத்தவன் நான்தான்.

ஏகாம்பரமும் வந்து சேர்ந்தான். அடையாறு ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்தவன், சின்ன வயதில் எங்கள் கால்பந்து டீமில் அவன்தான் ஆட்டக்காரன், நாங்களெல்லாம் சும்மா. முட்டி உடைந்ததோடு ஆட்டம் போயிற்று. பிறகு கப்பல் சமையலறையில் வேலை. கப்பல் ஹாம்பர்க்கில் நின்றபோது லீவு சொல்லிவிட்டு ரயிலேறி வந்திருந்தான்.

"ஒரே ஒரு நெஜமான மேட்ச் பாத்துட்டா போதும் மச்சி."

காலையில் மைன் ஆற்றங்கரையில் நடந்தோம். பாலத்தில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தவன், "நாத்தமே இல்லியே, இன்னா ஆறு இது?" என்றான்.

ஆட்டத்துக்கு முன்னால் வானம் பொத்துக்கொண்டது. மைதானம் ஏரி மாதிரி. தீயணைப்புக்காரர்கள் பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்குக் கிடைத்தது நின்று பார்க்கும் டிக்கெட். படிகளின் நடுவே ஆங்காங்கே இரும்புக் கம்பி உண்டு. அதில் சாய்ந்தால்தான் ஏகாம்பரத்தால் ஆட்டம் முடியும்வரை நிற்க முடியும். காலை நடையில் முட்டி வேறு வீங்கியிருந்தது. நான் முன்னால் ஓடி, ஒரு கம்பியில் என் சிவப்புக்கரைத் துண்டைப் போட்டுவிட்டு, அவனை அழைத்துவரக் கீழே இறங்கினேன். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டால் சீட்டு நம்முடையது. யாரும் உட்கார மாட்டார்கள்.

திரும்பி வந்தால் கம்பி நெடுக ஆட்கள். துண்டு, மலை மாதிரி ஒரு ஜெர்மன்காரரின் தலையில்... மழைக்கு முக்காடாக.

"இன்னா மச்சி, நம்ம பஸ்ஸுன்னு நெனச்சிக்கினியா?"

சிரித்தானே தவிர, வலியில் அவன் முகம் சுருங்கிவிட்டது. "நீ பாரு. நான் ரூமுக்குப் போறேன்" என்றான். இவ்வளவு தூரம் வந்தவனை எப்படி அனுப்புவது?

வெட்கத்தை விட்டு அந்த மனிதரின் தோளைத் தட்டினேன். பாஷை தெரியாது. துண்டைக் காட்டினேன், கம்பியைக் காட்டினேன், ஏகாம்பரத்தின் முட்டியைக் காட்டினேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. துண்டை எடுத்துப் பிழிந்து கம்பியில் விரித்தார். பக்கத்தில் நின்றவர்களை முழங்கையால் நகர்த்தினார். ஏகாம்பரத்தைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து சாய்த்து நிறுத்தினார்.

ஆட்டம் முழுக்க மூன்று பேரும் தோள் ஒட்டித்தான் நின்றோம். பந்து தண்ணீரில் உருளாமல் நின்றபோதெல்லாம் அவரும் இவனும் ஒரே நேரத்தில் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஜெர்மனி கோல் போட்டதும் அவர் இவனை அலாக்காகத் தூக்கிவிட்டார். "யோவ், முட்டி... முட்டி" என்று நான் தமிழிலேயே கத்தினேன்.

இப்போது என் வேளச்சேரி பிளாட்டில் சுவர் அகலத்துக்கு டிவி. ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றி, ஏகாம்பரத்தின் குடும்பத்தை ஊருக்கு வெளியே வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் பார்க்கும் அதே ஆட்டத்தைத்தான் அவனும் அங்கே டிவியில் பார்க்கிறான். இடைவேளையில் போன் செய்வான்.

போன வாரம் சொன்னான்: "ஆட்டம் சூப்பரா கீது மச்சி. பக்கத்துல இடிக்கத்தான் ஒருத்தனும் இல்ல."